ஓட்டம் எங்கே நிற்கிறது?

தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளில் ஒன்று மட்டும் நாலு எட்டு ஓடியதும் சட்டென்று குத்தவைத்து உட்காரும். உதடு நாவல்பழம் தின்றது போல இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து எழுந்து ஓடும், மறுபடி உட்காரும். அதற்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்படி உட்கார்ந்தால் மூச்சு திரும்புகிறது என்று உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. நாற்காலியில் வாழ்கிற ஊர்களில் இந்த உட்காரல் மருத்துவரின் கண்ணை உடனே உறுத்தும். பல் துலக்குவது முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பது வரை குத்தவைத்தே பழகிய நம் ஊரில் எத்தனை பிள்ளைகளின் உட்காரல் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தக் குழந்தையின் இதயத்தில் இருக்கும் கோளாறை 1888இல் பிரான்ஸின் மார்சேய் நகரத்து மருத்துவர் ஃபாலோ தெளிவாக விவரித்தார். அதனால் அவர் பெயரிலேயே டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்கிறார்கள். டெட்ராலஜி என்றால் நான்கு. இரண்டு கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், அந்த ஓட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மகாதமனி, தடித்துப்போன வலது கீழறைச் சுவர். நுரையீரலுக்குப் போக வேண்டிய கெட்ட ரத்தம் குறுகலான வழியில் நுழைய முடியாமல் ஓட்டை வழியே மகாதமனிக்குள் புகுந்துவிடுகிறது. ஓடும்போது கால் தசைகளின் ரத்தக்குழாய்கள் விரிவதால் உடம்புப் பக்கம் போவது இன்னும் சுலபமாகி, நுரையீரல் பக்கம் மேலும் வறள்கிறது. குத்தவைத்தால் தொடையும் இடுப்பும் மடங்கிக் கால் தமனிகள் நெரிபடுகின்றன. உடம்புப் பக்கம் எதிர்ப்பு ஏறுகிறது, ரத்தம் வேறு வழியின்றி நுரையீரல் பக்கம் திரும்புகிறது. நடக்கத் தெரியாத கைக்குழந்தை திடீரென்று நீலம் பாரித்தால் தாதிகள் அதன் முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பதும் இதே கணக்குத்தான்.

1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஆல்ஃப்ரெட் பிளேலாக் கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் இணைத்தார். யோசனை ஹெலன் டௌசிக் என்ற குழந்தை மருத்துவருடையது. நாய்களில் செய்து செய்து அந்த இணைப்பைப் பக்குவப்படுத்தியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். அன்று பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே. இது பழுது நீக்கம் அல்ல, மாற்றுப்பாதை மட்டும்தான்.

முழுப் பழுதுநீக்கம் வர இன்னும் பத்து வருடம் ஆனது. இதயத்தைத் திறந்து தைக்க வேண்டுமென்றால் அதற்குள் ரத்தம் ஓடக்கூடாது. அந்த நேரத்தில் உடம்புக்கு ரத்தம் அனுப்புவது யார்? மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹை 1954இல் கண்டுபிடித்த பதில் இன்று படித்தாலும் மயிர்க்கூச்செறிய வைக்கும்: இன்னொரு மனிதர். பக்கத்து மேசையில் அப்பாவோ அம்மாவோ மயக்க மருந்தில் படுத்திருக்க, குழந்தையின் ரத்தம் குழாய் வழியே அவர் உடம்புக்குள் போய், சுத்தமாகித் திரும்பி வந்தது. ஆகஸ்ட் 31 அன்று முதன்முதலாக ஃபாலோ கோளாறு முழுமையாகச் சரிசெய்யப்பட்ட சிறுவனுக்கோ அரிய ரத்தவகை, வீட்டில் யாருக்கும் பொருந்தவில்லை. முன்பின் தெரியாத ஒரு நெடுஞ்சாலைத் தொழிலாளி வந்து படுத்தார். இப்படி 45 அறுவை சிகிச்சைகள் செய்ததில் 28 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். அதற்குள் இதய நுரையீரல் இயந்திரம் நம்பிக்கைக்குரியதாகிவிட்டது. பெற்றவர்கள் மேசையிலிருந்து எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போனார்கள்.

இன்றைக்கு, வசதியுள்ள மருத்துவமனைகளில், இந்தச் சிகிச்சை முடிந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பெரியவர்களாகிறார்கள். நீலம் போய்விடுகிறது, குத்தவைப்பதும் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டிலும் அரசுத் திட்டங்களும் காப்பீடும் வந்தபின் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் மேசை கிடைக்கிறது. ‘இதயத்தில் ஓட்டை’ என்று கேட்டதும் இடிந்துபோன குடும்பம் ‘அடைச்சாச்சு’ என்ற சொல்லோடு ஊர் திரும்புகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது. இவன் ஓடலாமா? எவ்வளவு தூரம்?

பதில் சொல்ல ஒரு பழைய சமன்பாடு உதவும். 1870இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் எழுதியது. அதைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: பயிருக்குப் போய்ச் சேரும் தண்ணீர் மூன்றைப் பொறுத்தது. நிமிடத்துக்கு எத்தனை வாளி இறைக்கிறோம்? வாளிக்கு எவ்வளவு தண்ணீர்? வரப்புக்குள் வந்த தண்ணீரில் பயிர் எவ்வளவு உறிஞ்சுகிறது? வாளிகளின் எண்ணிக்கை நாடித்துடிப்பு. வாளியின் கொள்ளளவு ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம். பயிரின் உறிஞ்சல், ரத்தத்திலிருந்து தசை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். மூன்றையும் பெருக்கினால் உடம்பு ஒரு நிமிடத்தில் செலவழிக்கும் ஆக்சிஜன் கிடைக்கிறது. முழுமூச்சாக ஓடும்போது இது தொடும் உச்சம்தான் ஒருவரின் தாங்குதிறன். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் செலவழிக்கிறார். நன்றாக ஓடியாடும் பையன் உச்சத்தில் 45ஐத் தொடுவான்.

அளப்பது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். நானாகச் செய்துகொண்ட பையன், பலரைச் சேர்த்துப் பிசைந்தவன். ஒன்றரை வயதில் ஃபாலோ கோளாறுக்கு ஆபரேஷன் ஆனவன். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாகத் தழும்பு. பள்ளியில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் வாட்ச்சுக்கும் செருப்புக்கும் காவல் இருப்பவன். இப்போது ட்ரெட்மில்லில் நிற்கிறான். மார்பில் ஈ.சி.ஜி. ஒயர்கள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் முகமூடி. உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அந்த முகமூடி மூச்சுக்கு மூச்சு கணக்கெடுக்கிறது. ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறைப்படி பெல்ட் முதலில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீதச் சரிவில் நகர்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் ஏறும். முதல் கட்டத்தில் பையன் சிரிக்கிறான். ஏழாவது நிமிடத்தில், 5.5 கிலோமீட்டர் வேகத்தில், சிரிப்பு போய்விட்டது. ஒன்பதாவது நிமிடத்தில் முகம் சிவந்து வியர்வை சொட்டுகிறது. சுவரோரம் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“போதும்டா கண்ணு, இறங்கிடு.”

பையன் கையைக் காட்டுகிறான். பெல்ட் நிற்கிறது.

திரையில் எழுதியிருப்பது: கிலோவுக்கு 31 மில்லிலிட்டர். அவன் வயதுக்கும் உயரத்துக்கும் 42 வந்திருக்க வேண்டும். ஆக 74 சதவீதம். ஃபாலோ ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு இது புதிதல்ல, பல ஆய்வுகளில் முக்கால் பங்கை ஒட்டித்தான் வருகிறது. இதை மட்டும் பார்த்துவிட்டு ‘இதயம் இவ்வளவுதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது, 1.02. வெளியே விட்ட கரியமில வாயுவை உள்ளே எடுத்த ஆக்சிஜனால் வகுத்தால் வருவது. ஓய்வில் இது 0.8 அளவில் இருக்கும். தசைகள் திணறி அமிலம் சேரச் சேர, உடம்பு அதைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளுவதால் எண் ஏறும். 1.1ஐத் தாண்டினால்தான் இவன் உண்மையிலேயே முடியாமல் நின்றான் என்று கொள்ளலாம். 1.02 சொல்வது வேறு. இவனை நிறுத்தியது இதயம் அல்ல. அம்மாவின் குரல், அல்லது பன்னிரண்டு வருடமாக அந்தக் குரல் அவனுக்குள் போட்டுவைத்த பிரேக்.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குழந்தை நீலமாகிக் கையில் துவண்டதைப் பார்த்தவள் அவள். அவளுக்கு மூச்சிரைப்பு என்றால் அந்த நாள்தான். ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஓடினால் இரைக்கும் என்பதை அவள் அறிவு ஒப்புக்கொண்டாலும் வயிறு ஒப்புக்கொள்ளாது.

இனி இதயத்தின் பங்கு. அது பொய்யல்ல.

முதலில் வாளி. குறுகலான வழியை அகலப்படுத்த, நுரையீரல் தமனியின் வாயை வெட்டி ஒட்டுப் போடும்போது பல குழந்தைகளுக்கு அங்கிருந்த வால்வு பலியாகிவிடும். அடைத்த கதவுக்குப் பதில் கதவே இல்லாத வாசல். தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் வலது கீழறைக்கே திரும்பி ஒழுகுகிறது. அறை வருடக்கணக்கில் ஊதிப் பெருத்துக்கொண்டே போகிறது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஓடும்போது இந்த ஒழுகல் குறைகிறது. வால்வு ஒழுகுவது இதயம் தளர்ந்து நிரம்பும் நேரத்தில்தான். நாடி வேகமானால் அந்த இடைவேளை சுருங்கிவிடும், நுரையீரலின் ரத்தக்குழாய்களும் விரிந்து ரத்தத்தை முன்னால் இழுத்துக்கொள்ளும். ஓட்டை வாளியை வேகமாக இழுத்தால் கிணற்றுமேட்டுக்கு அதிகத் தண்ணீர் வந்துசேருவது போல. கதவில்லாத வாசலோடு பிள்ளைகள் இருபது வருடம் தொந்தரவின்றிப் பள்ளி, கல்லூரி எல்லாம் முடித்துவிடுவதற்கு இது ஒரு காரணம்.

வலது கீழறை அளவுக்கு மீறிப் பெருத்தால் புது வால்வு வைப்பார்கள். 2000ஆம் ஆண்டு பாரீஸில் 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நெஞ்சைத் திறக்காமலே, மாட்டின் கழுத்து நாளத்திலிருந்து எடுத்த வால்வைக் குழாய் வழியே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். அதன்பின் அந்த வழி உலகெங்கும் பரவியது. வால்வு வைத்தபின் அறை சுருங்குகிறது, ஸ்கேனில் அழகாகத் தெரிகிறது. ஆனால் ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தால் உச்ச ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கிறது. வாளியை மாற்றினோம், வயலில் தண்ணீர் ஏறவில்லை. அப்படியென்றால் குறை வாளியில் மட்டும் இல்லை.

வாளிகளின் எண்ணிக்கையில் இருக்கலாம். முழுமூச்சாக ஓடும் பிள்ளையின் நாடி 195, 200 என்று ஏறும். இதய ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு 160, 170க்கு மேல் எழும்பாது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் முனைக்கும் அதன் நரம்புகளுக்கும் பக்கத்திலேயே கத்தியும் தையலும் போய்வந்திருக்கின்றன. நெஞ்சைத் திறந்ததால் விலாக்கூடு முழுதாக விரியாமல் நுரையீரலின் கொள்ளளவு குறைந்துபோவதும் உண்டு. எல்லாப் பிறவி இதயக் கோளாறுக்கும் இந்தப் பட்டியல் பொருந்தாது. மேலறையிலோ கீழறையிலோ ஓட்டை மட்டும் இருந்து காலத்தில் அடைக்கப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய வகுப்புத் தோழர்களுக்குச் சமமாகவே ஓடுவார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஏற்றமே ஒன்றுதான். பிறக்கும்போதே ஒரு கீழறை மட்டும் வேலை செய்யும் குழந்தைகள். பிரான்ஸின் போர்டோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1968இல் செய்து 1971இல் வெளியிட்ட அறுவை சிகிச்சை இவர்களுக்காக. இருக்கும் ஒரே கீழறையை உடம்புக்கு ஒதுக்கிவிட்டு, உடம்பிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேராக நுரையீரல் தமனியில் இணைத்துவிடுவது. நடுவே தள்ளுவதற்குப் பம்ப் கிடையாது. மடையைத் திறந்துவிட்டால் சரிவில் தானாகப் பாயும் வாய்க்கால் நீர் போல, நாளங்களில் இருக்கும் சிறிய அழுத்தத்திலேயே ரத்தம் நுரையீரலைக் கடக்க வேண்டும். நடக்க, படிக்க, மாடி ஏற அது போதும். ஓட்டத்தில் ரத்த ஓட்டம் பல மடங்காக வேண்டும். அப்போது வாய்க்கால் தடுமாறுகிறது. வட அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோன்டான் ஆபரேஷன் ஆன 6 முதல் 18 வயது வரையிலான 411 பேரைச் சோதித்தார்கள். உண்மையான உச்சத்தைத் தொட்டவர்கள் 166 பேர்தான். அந்த 166 பேரின் சராசரி, எதிர்பார்க்கும் அளவில் 65 சதவீதம். மற்றவர்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டார்கள். எத்தனை பேரை உடம்பு நிறுத்தியது, எத்தனை பேரைப் பழக்கம் நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

பம்ப் இல்லாத இந்த உடம்பில் இரண்டு உதவிப் பம்புகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மூச்சு. உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் குறைத்து ரத்தத்தை நுரையீரல் பக்கம் உறிஞ்சுகிறது. மற்றொன்று கெண்டைக்கால். ஒவ்வொரு எட்டிலும் அந்தத் தசை இறுகி, நாளங்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. சிட்னியில் ஃபோன்டான் சிகிச்சை பெற்ற பெரியவர்கள் சிலருக்கு 20 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, தசை கூடியதோடு நிற்காமல், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் உச்ச ஆக்சிஜன் அளவும் ஏறின. காலில் போட்ட உழைப்பு இதயத்தில் வரவானது. நம் ஊர் மைதானத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: எதிரணிக் களத்தில் மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது என்பதே கபடியின் விதி. ரத்தத்தை நுரையீரலுக்கு இழுப்பதே உள்மூச்சுதான் என்று வாழும் பிள்ளைக்கு, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு, இவ்வளவு பொருந்தாத விளையாட்டு வேறில்லை. அதே பிள்ளை சைக்கிள் மிதிக்கலாம், நடக்கலாம், இறகுப்பந்து ஆடலாம்.

கடைசியில் பயிர். நல்ல ரத்தம் வந்து சேர்ந்தாலும் உறிஞ்சத் தசை வேண்டும். மரத்தடியில் செருப்புக்குக் காவல் இருந்து வளர்ந்த கால்களில் தசை மெலிந்திருக்கும், ஆக்சிஜனை எரிக்கும் அடுப்புகளும் குறைவாக இருக்கும். இது அறுவை சிகிச்சையின் விளைவு அல்ல, அன்பின் விளைவு. மூன்று காரணங்களில் கத்தியில்லாமல் எளிதாக மாற்றக்கூடியது இதுதான். அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜொனாதன் ரோட்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு சின்னதுதான். கடுமையான இதயக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்ற 16 பிள்ளைகள், 12 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு. விளையாட்டும் ஓட்டமும் கலந்த வகுப்பு, அதில் பரிசுகளும் உண்டு. முடிவில் 15 பேர் முன்னேறினார்கள். நாடி அதிகமாக ஏறியதால் அல்ல, ஒவ்வொரு துடிப்பும் கொண்டுசேர்த்த ஆக்சிஜன் கூடியதால். பயிற்சியால் யாருக்கும் கேடு வரவில்லை. மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் பலன் நின்றது. 16 பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் பின்னர் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதே திசையில்தான் கைகாட்டின. 2013இல் அமெரிக்க இதயச் சங்கம் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே ‘உடலுழைப்பை ஊக்குவித்தல்’ என்று இருந்தது. அதற்கு முந்தைய காலத்து ஆவணங்கள் எதைத் தடுப்பது என்றே பேசிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் ஷான் ஒயிட்டின் பெயரைச் சொல்லாதவர்கள் இல்லை. ஃபாலோ கோளாறோடு பிறந்து, ஒரு வயதுக்குள் இரண்டு இதய ஆபரேஷன் செய்துகொண்டு, 2006, 2010, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வாங்கியவர். பெற்றோருக்குத் தைரியம் சொல்ல நல்ல பெயர். ஆனால் அவர் ஆடிய ஆட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது துணிச்சலுக்கும் உடல் நுட்பத்துக்குமான சோதனை, நீண்ட மூச்சுக்கான சோதனை அல்ல. அவரைக் காட்டிப் பிள்ளையை மாரத்தானில் தள்ளுவது, அவரைக் கேள்விப்படாமல் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைப்பதைப் போலவே தவறு.

ஏனென்றால் நிஜமாகவே நிறுத்த வேண்டிய பிள்ளைகளும் உண்டு. ஓடும்போது மயங்கி விழுந்தவர்கள், நாடி தாளம் தப்புகிறவர்கள், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழி இன்னும் அடைப்பாக இருப்பவர்கள், ஆபரேஷன் ஆகி மார்பெலும்பு இன்னும் கூடாதவர்கள். இவர்களைக் கண்டுபிடிக்கவும் அதே ட்ரெட்மில்தான் தேவை. சோதிக்காமல் எல்லோரையும் தடுப்பதும் சோதிக்காமல் எல்லோரையும் அவிழ்த்துவிடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள் என்பது என் கருத்து.

நம் பையனிடம் திரும்புவோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி ட்ரெட்மில். இந்த முறை அம்மா வெளியே பெஞ்சில். கேட்டுக்கொண்டவர் டெக்னீஷியன் அக்காதான். “நீங்க டீ சாப்பிட்டுட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்.” பதினொன்றரை நிமிடம் ஓடினான். வகுத்து வந்த எண் 1.12. கிலோவுக்கு 35 மில்லிலிட்டர். நாடி 184. தாளம் பிசகவில்லை, ஆக்சிஜன் இறங்கவில்லை. ஆக, 42இல் 35. இடையில் இருக்கும் ஏழில் கொஞ்சம் கதவில்லாத வாசலுக்கு, கொஞ்சம் குறைந்த நாடிக்கு, மிச்சம் கால்களுக்கு.

பள்ளியில் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும் என்று அம்மா பையிலிருந்து பழையதை எடுத்தாள். ஒன்றாம் வகுப்பில் கொடுத்தது, மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. ‘கடினமான விளையாட்டுகளைத் தவிர்க்கவும்’ என்று ஒரே வரி. எது கடினம், எத்தனை நாளைக்கு என்று எதுவும் இல்லை. ஆறு வருடம் அந்த ஒரு வரி வேலை செய்திருக்கிறது. மருத்துவர் புதுத் தாளை இழுத்து, பி.டி. ஆசிரியருக்கு என்று தொடங்கி நிதானமாக எழுதினார்: ‘மற்ற மாணவர்களோடு ஓடலாம். மூச்சிரைக்கும், அது சரிதான். இரைத்தால் அவனே நின்றுகொள்வான். நிற்கும்போது தள்ளவும் வேண்டாம், ஓடும்போது நிறுத்தவும் வேண்டாம். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் உடனே உட்காரவைத்து என்னைக் கூப்பிடவும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன்.’ அடியில் தன் கைப்பேசி எண்ணை இரண்டு முறை எழுதினார்.

அம்மா வாங்கி, ஒருமுறை படித்துவிட்டு, பழைய தாளின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்தே மடித்துப் பைக்குள் போட்டாள்.